சேர்த்து எழுதுக

முந்நூறாம் எண் மாணவர் என் கைப்பிழையால் உண்டானவர். பேனா மை சிந்தினால் சட்டைப்பையில் கறை உண்டாகும். என் பேனா சிந்தியதில் ஓர் ஆள் உண்டானார், வித்தியாசம் அவ்வளவுதான். அரசுக் கல்லூரியின் மாலைப்பிரிவில் சேர்க்கைப் பதிவேடு எழுதுகிற வேலையில் அப்போது எனக்குப் பதினோரு வருஷம் முடிந்திருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் என்மேல் வந்த புகார் ஒன்றே ஒன்றுதான், வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று. கையைப் பற்றி ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

நடந்தது புரிய வேண்டுமானால் அரசு ஆள் எண்ணுகிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்குப் பணம் ஒதுக்குவது ஆள் கணக்கில். ஆனால் ஆள் என்றால் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருகிற ஆள் இல்லை. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பில் உட்காருகிறவர்தான் அரசுக்கு முழு ஆள். ஐந்து மணி நேரம் உட்காருகிறவர் எத்தனை கிலோ எடை இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு ஆள். இப்படித் துண்டு துண்டாக வருகிறவர்களையெல்லாம் கூட்டி முழு ஆளாக்கிக் காட்ட வேண்டும். மிச்சம் விழுகிற பின்னத்தைத் தள்ளிவிடுவார்கள். பருவத்துக்கு ஒரு தடவை, நான்காவது புதன்கிழமை, எண்ணும் நாள். அன்றைக்கு மாலைப்பிரிவில் முந்நூறு முழு ஆட்கள் இருந்தால் பிரிவு நடக்கும். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதே முக்கால் இருந்தால் முக்காலைத் தள்ளுவார்கள், அதோடு பிரிவையும் இழுத்து மூடுவார்கள்.

அந்த வருஷம் முழு ஆட்கள் சரியாக இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மிச்சம், ஆளுக்கு ஐந்து மணி நேரமாக மூன்று பேர். சீருடை தைக்கிற தையல்காரம்மா மொழிப்பாடத்துக்கு வந்தார். லாரி ஓட்டுகிறவர் புவியியலுக்கு வந்தார். தொழிற்சாலை வாசலில் காவல் இருக்கும் பெரியவர் தாவரவியலுக்கு வந்தார். வாசலில் நிற்கிற மரத்தின் பெயரைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சலித்துப்போய் வந்ததாகச் சொன்னார். மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் ஒன்பதாம் வரி இப்படி இருந்தது: பகுதிநேர ஆட்களைச் சேர்த்து எழுதுக.

கூட்டல் தாளில் எண்ணாகக் கூட்டி எழுத வேண்டும் என்பது அதன் அர்த்தம். எனக்கோ அதைப் படித்ததும் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் கண்முன்னால் வந்து நின்றது. சேர்த்து எழுதுக, ஐந்து மதிப்பெண். ஐந்தில் இரண்டுக்கு மேல் நான் வாங்கியதே இல்லை. எந்த எழுத்து கெடும், எது திரியும் என்று கடைசிவரை பிடிபடவில்லை. அந்தப் பழைய அவமானத்தில், இந்தத் தடவையாவது ஒழுங்காகச் சேர்த்துவிட வேண்டும் என்று, கூட்டல் தாளை விட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்தேன். முந்நூறாம் வரியில் மூன்று பேருடைய பெயரையும் இடைவெளி இல்லாமல், சேர்ந்த இடம் தெரியாமல், அழகாக ஒரே பெயராக எழுதினேன். மையை ஊதி ஆற வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார்.

பதினைந்தாம் எண் அறையில், மூன்றாவது பெஞ்சில், தையல்காரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆணா பெண்ணா என்று யாருக்கும் விளங்கவில்லை. "அவர்" என்று ஒரு சொல் இருக்கிற மொழியில் அது பெரிய சிக்கலும் இல்லை. கைகள் தையல்காரம்மாவுடையவை, வலது ஆட்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் காய்த்த புள்ளிகள் உட்பட. கால்கள் லாரிக்காரருடையவை, ஆசிரியை பாடத்தை வேகமாக நடத்தினால் வலது கால் தானாகத் தரையை அழுத்திப் பிரேக் போட்டது. கண்கள் காவல்காரப் பெரியவருடையவை, திறந்தபடியே தூங்கத் தெரிந்தவை. வாய் இருந்தது, பேச்சு இல்லை. அந்த மூன்று பேருமே வகுப்பில் வாயைத் திறந்ததில்லை என்பதால் கொடுப்பதற்கு யாரிடமும் குரல் இருக்கவில்லை என்று நான் பிற்பாடு கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை.

மொழி ஆசிரியை அந்த நீளப் பெயரை ஒரே மூச்சில் வாசித்து முடித்து, கையைத் தூக்கியவரை மேலும் கீழும் பார்த்து, பதிவேட்டையும் பார்த்துவிட்டு, "சரிதான், உம்மைத்தொகை" என்றார். பிறகு கரும்பலகை பக்கம் திரும்பி அதையே பாடமாக எடுத்தார். இரவுபகல் என்றால் இரவும் பகலும். நடுவில் இருக்கிற "உம்" வெளியே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது. இவரும் அப்படித்தான், மூன்று பேர், மூன்று "உம்", ஒன்றும் வெளியே தெரியவில்லை. இரண்டு தடவை அந்தத் தாளில் தோற்றிருந்த தையல்காரம்மா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் தனியாகப் போய்க் கேட்டார்.

"டீச்சர், அப்ப உம்மைத்தொகைன்னா உள்தையல் மாதிரிதானே? நூல் உள்ள ஓடும், வெளிய பாத்தா ஒரே துணி."

"இருபத்திரண்டு வருஷமா நடத்துறேன், எனக்கு இது தோணலையேம்மா" என்றார் ஆசிரியை.

அன்றிலிருந்து அவருக்கு வகுப்பில் பெயர் தொகை. "தொகை வந்தாச்சா?", "தொகை, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க" என்று சகஜமாகிவிட்டது. வாரம் பதினைந்து மணி நேரமும் தவறாமல் வந்தார்: மொழிக்குத் தையல்காரம்மா பக்கத்தில், புவியியலுக்கு லாரிக்காரர் பக்கத்தில், தாவரவியலுக்குப் பெரியவர் பக்கத்தில். அடையாள அட்டைக்குப் புகைப்படக்காரர் நான்கு தடவை எடுத்தும், ஒவ்வொன்றிலும் அசைந்துவிட்ட ஆள் மாதிரியே விழுந்தார். ஒரு நாள் வகுப்பு விட்டதும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், எங்கேதான் குடியிருக்கிறார் என்று. கல்லூரி வாசலைத் தாண்டியதும் சாலை மூன்றாகப் பிரிகிறது. அந்த இடத்தில் மூன்று பக்கமும் போனார். எந்தப் பக்கம் தொடர்வது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். சைக்கிளில் வந்தவர் ஒருவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், அதைத்தான் எல்லோரிடமும் கேட்டேன்: அவரை எண்ணலாமா, கூடாதா? எண்ணினால், அந்த மூன்று பேரும் கணக்கில் யார்? மூன்று பேரையும் எண்ணினால், அவர் யார்? முதல்வர் பதிவேட்டைக் கையால் மூடி, "பாத்துப் பண்ணுங்க" என்றார். நான் அதைத்தான் பதினோரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். மேலிடத்துக்குத் தொலைபேசினேன்; சுற்றறிக்கையின் பின்னிணைப்பைப் பார்க்கச் சொன்னார்கள். பின்னிணைப்பில், ஆள் எனில் எண்ணப்பட்டவர் எனவும், எண்ணப்பட்டவர் எனில் ஆள் எனவும் பொருள்படும் என்று இருந்தது. மொழி ஆசிரியை, இலக்கணப்படி அவர் ஒரு சொல், பொருள்படி மூன்று, என்றார். பெரியவர் மட்டும், "தம்பி, என் கண்ண அவரு பாத்துக்கறாரு, அவர நான் பாத்துக்கறேன். இதுல நீங்க எதுக்குக் குழம்பறீங்க?" என்றார். அதற்குப் பிறகு இன்னும் குழம்பினேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "தப்புப் பண்றதுகூட ஒழுங்கா வராதா உங்களுக்கு? ஊர்ல மத்தவங்கல்லாம் தப்புப் பண்ணா ஒண்ணு குறையும். நீங்க பண்ணா ஒண்ணு கூடுது." ஆனாலும் அடுத்த நாள் என் பையில் ஒரு டப்பாவுக்குப் பதில் இரண்டு டப்பா இருந்தது. இரண்டாவது யாருக்கு என்று கேட்டேன். "நீங்க உண்டாக்கினவருக்கு. பசியும் மூணுல ஒண்ணா இருக்கும்" என்றாள்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. நான்கு எண்ணும் நாட்கள் வந்தன. நான்கிலும் முந்நூறு என்று எழுதி அனுப்பினேன். தாளில் எண்ணுவதால் யாரும் வந்து பார்க்கவில்லை. தையல்காரம்மா மொழித்தாளை மூன்றாவது தடவை எழுதி நான்கு மதிப்பெண் குறைவில் கோட்டைவிட்டார். அது மட்டும் தேறிவிட்டால் சான்றிதழ் கைக்கு வரும். வந்தால் தொழிற்பயிற்சிப் பள்ளியில் தையல் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போடலாம். முதலாளி கொடுக்கிற துணியைக் கணக்குக்குத் தைத்துத் தைத்து அவர் முதுகு வில்லாக வளைந்திருந்தது. அந்த வேலைக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது அவருக்கு நாற்பத்து நான்கும் சில மாதங்களும். அதாவது இன்னும் ஒரே ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சைக்குள் மாலைப்பிரிவை மூடினால் அவர் வாழ்க்கை பூராவும் அடுத்தவர் அளவுக்குத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் பருவத்தில்தான் லாரிக்காரருக்கு நெடுந்தூரப் பயணம் கிடைத்தது. என் மேசைமுன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, இனிமே வர முடியாதுண்ணே. போனா இருபது நாள், வந்தா ரெண்டு நாள். பாடத்துல படிச்ச மலையெல்லாம் நேர்லயே வருது."

"நீங்க போனா தொகையோட கால் போயிடும்பா" என்றேன்.

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு, போய்விட்டார். நல்ல மனிதர். அன்றைக்குச் சாயங்காலம் தொகை வகுப்புக்கு வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வலி இருந்ததாகத் தெரியவில்லை. தரையில் ஊன்ற எதுவும் இல்லாததால் பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். பின் பெஞ்சுக்காரர்கள் பலகை மறைக்கிறது என்றார்கள், அதைத் தவிர வேறு சலசலப்பு இல்லை. ஜன்னல் திறந்திருந்தால் காற்றில் மெல்ல நகர்ந்துவிடுவார் என்பதால் தையல்காரம்மா அவர் சட்டை ஓரத்தை நாலு இழை நூலால் மேசைக்காலோடு கட்டி வைத்தார். இரட்டை முடிச்சு. பாடம் முடிந்ததும் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிடுவார்.

எண்ணும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முழு ஆட்கள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, மிச்சம் மூன்றில் இரண்டு. மூன்றில் இரண்டைத் தள்ளுவார்கள். அது போதாதென்று, எங்கோ ஒரு கல்லூரியில் நூலகத்துப் பூனையையும் மாணவராக எழுதி அனுப்பிவிட்டதால், இந்தத் தடவை கணக்காய்வாளர்கள் நேரிலேயே வந்து எண்ணுவார்கள் என்று கடிதம் வந்தது. முதல்வரிடம் காட்டினேன். "பாத்துப் பண்ணுங்க" என்றார்.

பார்த்தேன். ஐந்து மணி நேரம் குறைகிறது, புவியியலில். விதிப்புத்தகத்தைப் புரட்டினால், ஊழியர் கட்டணம் கட்டிப் படிக்கத் தடை இல்லை. நாற்பத்தெட்டாவது வயதில் என் பெயரை நானே பதிவேட்டில் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்; இந்தக் கை ஏற்கெனவே என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். முந்நூறாம் வரியில் லாரிக்காரர் பெயரை அடித்து, மேலே பொடி எழுத்தில் என் பெயரை நுழைத்தேன். வீட்டில் சொன்னேன். மனைவி என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "போங்க. ஆனா வகுப்புல பேசாதீங்க. வெளிய நிக்க வச்சுடுவாங்க" என்றாள். முதல் நாளே நிற்க வைத்தார்கள். ஆறுகள் ஏன் வளைகின்றன என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நேராகப் போனால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள் என்று பக்கத்துப் பெஞ்சில் சொல்லிவிட்டேன்.

தொகைக்குக் கால்கள் திரும்பி வந்தன. பழைய கால்கள் இல்லை. கொஞ்சம் குட்டை, இடது குதிகால் தேய்ந்த செருப்போடு, உட்கார்ந்த இடத்தில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன; என் கால்களேதான். பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்தார். நூல் தேவைப்படவில்லை. இன்னொரு மாற்றமும் இருந்தது, அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: தொண்டை மேலும் கீழும் அசைய ஆரம்பித்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. எனக்கு மட்டும் அந்த வாரம் முழுக்க லேசாகத் தொண்டை கட்டியிருந்தது. மனைவி, வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதி என்றாள்.

நான்காவது புதன்கிழமை கணக்காய்வாளர் வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், மூக்குச் சிவந்து ஜலதோஷத்தோடு, ஒரு கையில் பச்சைப் பேனா, மறு கையில் கைக்குட்டை. வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணிக்கொண்டு கடைசியில் பதினைந்தாம் எண் அறைக்கு வந்து சேர்ந்தார். எதிரே மூன்றாவது பெஞ்சில் தையல்காரம்மா, தொகை. பெரியவர் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். மொழி ஆசிரியை சுவரோடு சாய்ந்து நின்றார். பதிவேட்டை வாசிப்பது என் வேலை என்பதால் நான் நின்றுகொண்டிருந்தேன். வாசிப்பதற்கு முன்னால் மனசு கேட்காமல், இரண்டு வருஷமாக எல்லோரிடமும் கேட்டதை அவரிடமும் கேட்டேன்.

"மேடம், இந்த முந்நூறாம் எண்... இவரை எண்ணலாமா?"

"எண்ணக்கூடியவரா இருந்தா எண்ணலாம் சார்."

"எண்ணக்கூடியவரா மேடம்?"

"எண்ணிட்டா எண்ணக்கூடியவர்தான்." கைக்குட்டையில் தும்மினார். "நான் எண்ண வந்தவ சார். யாரு, என்ன, எப்படின்னு விசாரிக்க வரல. பேர் கூப்பிடுங்க, பதில் சொன்னா டிக். சொல்லலைன்னா இல்ல. கையத் தூக்கறது கணக்குல வராது, மின்விசிறி போடச் சொல்றாங்கன்னு நினைச்சுப்பேன்."

இரண்டு வருஷமும் தொகை கையைத்தான் தூக்கியிருந்தார். பெயர்களை வாசித்தேன். அந்த அறையில் இருந்தவர்கள் வரிசையாக உள்ளேன், உள்ளேன் என்றார்கள். பச்சைப் பேனா ஒவ்வொன்றாக டிக் அடித்தது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது, போயிற்று. முந்நூறாம் வரியை எடுத்தேன். தையல்காரம்மாவின் பெயர், அதோடு பெரியவர் பெயர், அதோடு அடித்துத் திருத்திய என் பெயர், மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்தேன்.

தொகை கையைத் தூக்கினார். கணக்காய்வாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

தையல்காரம்மா தன் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்; விரல் நுனி வெளுத்துப்போயிற்று. அவர் தொகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்த ஒரு வார்த்தையை நானே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் கணக்காய்வாளர் இப்போது என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பூனை விஷயத்துக்கப்புறம் அப்படிப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். பச்சைப் பேனா கட்டத்தின்மேல் தாழ்ந்தது. டிக் போடவா, குறுக்கே கோடு போடவா என்று தெரியாத உயரத்தில் நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. அலுவல், பதிவேடு, மரியாதை எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன். தொகையிடம் இருந்த என் கால்கள் பெஞ்சுக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தன.

"பாருங்க," என்றேன் தொகையிடம், "முதல்வரைக் கேட்டேன், மேலிடத்தைக் கேட்டேன், டீச்சரைக் கேட்டேன், வீட்டுல கேட்டேன், இப்ப இந்தம்மாவையும் கேட்டாச்சு. ஒருத்தரும் நேராச் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களை எழுதினது நான். தப்பாத்தான் எழுதினேன், மன்னிச்சுக்குங்க. ஆனா எழுதினது எழுதினதுதான். நீங்களே சொல்லிடுங்க. இருக்கீங்களா, இல்லையா?"

கேட்டுவிட்டு, அந்த வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்குப் பழக்கமே இல்லாத ஒன்றைச் செய்தேன்; வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கணக்காய்வாளர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொகையின் தொண்டை ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது.

"உள்ளேன்" என்றார், என் குரலில்.

கணக்காய்வாளர் தும்மிவிட்டு டிக் போட்டார்.